வானத்தில் 50 நிமிடம்... மலையில் 4 மணி நேரம்!

கொடைக்கானலுக்கு உண்மையில் எவ்வளவு தூரம்? விமான டிக்கெட் சொல்லாத கணக்கு

மதுரை விமான நிலையத்தின் வருகை வாசல். காலை விமானத்தில் சென்னையிலிருந்து வந்திறங்கிய குடும்பம் ஒன்று, மூன்று பெட்டிகளும் ஒரு கைக்குழந்தையுமாக டாக்ஸிக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. மணி எட்டேகால்.

“கொடைக்கானல் போகணும் தம்பி. பத்தரைக்குள்ள போயிடலாமா?” என்று கேட்கிறார் பாட்டி.

“பத்தரைக்கு வத்தலக்குண்டைத் தாண்டியிருப்போம்மா. மலை ஏறி முடிக்கப் பன்னெண்டு ஆயிரும். சீசன் கூட்டம்னா அதையும் சொல்ல முடியாது.”

பாட்டிக்கு நம்ப முடியவில்லை. “மெட்ராஸ்லேர்ந்தே ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துட்டோம். கொடைக்கானல் இங்கேருந்து பக்கந்தானே?”

பக்கம்தான். மதுரை விமான நிலையத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் சுமார் 80 கி.மீ. அந்த 80 கி.மீ. கடக்கத்தான் மூன்றரை மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம் ஆகிறது. கோடை விடுமுறைக்கு மலையேறப் பெட்டி கட்டுகிற எல்லாரும் முதலில் இணையத்தில் தேடுவது ‘எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரப் பறப்பு’ என்பதைத்தான். அங்கே கிடைக்கிற எண்ணில் தவறில்லை. ஆனால் அது பயணத்தின் மிகச் சிறிய துண்டுக்கான எண். மீதித் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொடைக்கானல் அமர்ந்திருக்கும் பழனி மலைத்தொடர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அந்தத் தூரம் யாரை வாட்டுகிறது என்பது புரியும்.

கோட்டுக் கணக்கு

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தைக் கண்டுபிடிக்க ஓடுபாதைகளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். பூமி உருண்டை என்பதால், அதன் முதுகை ஒட்டி வளைந்து போகிற மிகக் குறுகிய வில்லின் நீளமே வான்வழித் தூரம். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ. அதை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கலை, ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. கப்பலோட்டிகள் வைத்திருந்த அளவையே விமானிகள் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 416 கி.மீ. கோடு திருச்சி விமான நிலையத்தை உரசியபடியே தெற்கே போகிறது. கொழும்பு கட்டுநாயக்காவிலிருந்து மதுரைக்குக் கோடு போட்டால் ஏறத்தாழ 350 கி.மீ.தான். மதுரைக்காரர்களுக்கு வானத்தில் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். 2012 செப்டம்பரில் மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குப் பறந்ததில் வியப்பில்லை.

இப்போது சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கே கோடு போடுவோம். சுமார் 422 கி.மீ. வருகிறது. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே வான்கணக்கில் பத்து கி.மீ. வித்தியாசம்கூட இல்லை! சென்னையிலிருந்து பார்க்கும் பறவைக்கு இரண்டு ஊரும் ஒரே தூரம். மனிதருக்கோ மதுரை வரை ஒரு பயணம், அதற்கு மேல் அரைநாள்.

மற்ற விமான நிலையங்களின் கதையும் இதுதான். கோவையிலிருந்து கொடைக்கானலுக்கு நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ., சாலையில் 175 கி.மீ. அளவுக்கு. திருச்சியிலிருந்து கோட்டில் 145, சாலையில் ஏறத்தாழ 200. மதுரையிலிருந்து கோட்டில் 80, சாலையில் சுமார் 130. மூன்றில் மதுரைதான் பக்கம்.

அரை மணி ஏன் ஒன்றேகால் மணி ஆகிறது?

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். 416 கி.மீ. கடக்க 31 நிமிடம் போதுமே என்று தோன்றும். அட்டவணையிலோ ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருக்கிறார்கள்.

அட்டவணையில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல், இறங்கி வந்து மறுபடி நிற்பது வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பக் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்குவதோ இன்னும் நிதானமான வேலை. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. முப்பதாயிரம் அடியில் பறந்தால் தொண்ணூறு கடல் மைலுக்கு முன்னால், அதாவது 165 கி.மீ.க்கும் முன்னால் இறக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். மதுரைக்குப் போகும் விமானம் திருச்சியைத் தொடும் முன்பே இறங்கத் தொடங்குவது இதனால்தான். முழு உயரத்தில், முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே. விசிறி இறக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். விமானமானால் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். ஆனாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட்டுக்கும் அதற்கும் பெரிய நேர வித்தியாசம் வருவதில்லை.

ஆக, தரையை விட்டு எழும்பிய பிறகு பயணி வானில் இருப்பது ஏறத்தாழ 50 நிமிடம். மொத்தக் கணக்கை எழுதிப் பார்ப்போம். பெரம்பூரிலோ அம்பத்தூரிலோ இருக்கும் ஒருவர் மீனம்பாக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல். விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். அட்டவணைப்படி ஒன்றேகால் மணி. பெட்டி வந்து, வெளியேறி, வண்டி பிடிக்க அரை மணி. அதன் பிறகு மலைக்கு மூன்றரை மணி. கூட்டினால் எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதில் பறந்தது ஒரு மணிக்கும் குறைவு.

எழும்பூரில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தவர், விடியும் முன் கொடைரோடு நிலையத்தில் இறங்கிவிடுகிறார். அங்கிருந்து மலைக்கு 80 கி.மீ. அவர் கொடைக்கானலில் காலைப் பலகாரம் சாப்பிடும்போது, அன்று காலை விமானம் பிடித்தவர் இன்னும் சமவெளியில்தான் இருப்பார்.

காட்ரோடு முதல் ஏரி வரை

மதுரையைத் தாண்டி மேற்கே திரும்பிய வண்டி, மல்லிகைக்குப் பேர்போன நிலக்கோட்டை வட்டாரத்தைக் கடந்து, வெற்றிலைக் கொடிக்கால்களின் ஊரான வத்தலக்குண்டை அடைகிறது. இதுவரை சாலை சமதளம். சிறிது தூரத்தில் காட்ரோடு. ‘காட் ரோடு’ என்ற ஆங்கிலப் பெயரே ஊர்ப்பெயராக உறைந்துவிட்ட இடம். காமக்காபட்டி சோதனைச் சாவடியில், மலைக்குள் நுழையத் தேவையான இ-பாஸைக் காட்டிவிட்டு ஏறத் தொடங்கினால் வேகமானி முப்பதைத் தாண்டுவது அரிது.

முதல் அரை மணி நேரம் புளியமரமும் முள்மரமும். டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினால், எதிர் மலையில் சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளைக் கயிறுபோல் தொங்குகிறது தலையாறு அருவி. எலிவால் அருவி என்பார்கள். குரங்குகள் கைப்பையைக் குறிவைத்து மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பின் இருக்கையில் குழந்தை வாந்தி எடுப்பதும், பாட்டி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வதும் இந்த இடத்துக்குப் பிறகுதான். வாழைகிரி, ஊத்து என்று ஏற ஏற ஜன்னல் வழியே வரும் காற்று மாறுகிறது. வாழையும் காபியும் போய் யூகலிப்டஸ் வாசம் அடிக்கிறது. பெருமாள்மலையில் பழனிச் சாலை வந்து சேர்கிறது. மேகம் இறங்கிய நாளில் இங்கே முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குதான் வழிகாட்டி. வெள்ளி அருவி, செண்பகனூர் கடந்து ஏரிக்கரைக்கு வரும்போது கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் ஏறியிருக்கிறோம்.

நேரம் போகிற இடம் இதுதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் கோட்டில் 30 கி.மீ.தான். அந்த இடைவெளியில் 1,800 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். செங்குத்தாக ஏற வண்டியால் முடியாது. அதனால் சாலை மலையைச் சுற்றிச் சுற்றித் தன் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயில் முற்றத்தில் நின்றால், தெளிந்த நாளில் கீழே பழனி முருகன் கோயில் குன்று கண்ணுக்குத் தெரியும். பறவைக்கு இருபது சொச்சம் கி.மீ. அந்தக் குன்றுக்குப் போக வண்டி 64 கி.மீ. ஓடியாக வேண்டும்.

மேற்கே மூணாறும் அப்படித்தான். கோட்டில் 50 கி.மீ. பேரிஜம் வழியே காட்டுக்குள் போன பழைய சாலை போக்குவரத்துக்கு மூடப்பட்டு பல்லாண்டுகள் ஆகின்றன. இன்று தேனி, போடி என்று மலையிறங்கி மலையேறி 150 கி.மீ.க்கு மேல் சுற்ற வேண்டும்.

அளவை தொடங்கிய ஊர்

நேர்கோட்டுத் தூரத்தைத் துல்லியமாக அளக்கும் வேலை இந்தியாவில் தொடங்கிய இடம், இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் சங்கிலியால் சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டின்மேல் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய் நாட்டையே அளந்தார்கள். குன்றின் உச்சியிலும் கோபுரத்தின் உச்சியிலும் கருவியை வைத்து அளந்த அந்தத் தூரங்கள் எல்லாம் நேர்கோட்டுத் தூரங்கள்தான்.

பழனி மலைக்கு அளவைக்காரர் வந்தது 1821இல். லெப்டினன்ட் பி.எஸ். வார்டு, வெள்ளகெவி என்ற மலைக்கிராமத்தில் தங்கி, அங்கிருந்து மேலேறிக் கொடைக்கானல் பகுதியை அளந்தார். ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே ஊர்களும் வயல்களும் மனிதர்களும் இருந்தார்கள் என்பதை அவருடைய அளவையே காட்டுகிறது.

மதுரையில் நோய்க்குத் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் மலைமேல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பெரியகுளம் வழியாகக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புவரை மாட்டுவண்டி. அங்கிருந்து குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த டோலியிலோ பயணம். 1875இல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் ஆடிக்கொண்டே போய், விடிந்ததும் மலையேறினார்கள். அந்த அம்மையநாயக்கனூர் நிலையம்தான் இன்றைய ‘கொடைக்கானல் ரோடு’. 1914இல் லாஸ் காட் சாலை மோட்டார் வண்டிகளுக்குத் திறந்த பிறகே டோலிக்காரர்களின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது.

எல்லாத் தோளுக்கும் கிடைத்ததா?

வார்டு தங்கிய வெள்ளகெவி, கொடைக்கானல் ஏரியிலிருந்து பறவைக்குச் சில கிலோமீட்டர்தான். வட்டக்கானலில் இறங்கி, டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, வேர்களைப் படியாக மிதித்துக் கீழே போகும் ஒற்றையடிப் பாதையில் அந்த ஊர் இருக்கிறது. மண்ணைத் தெய்வமாக மதித்து ஊருக்குள் செருப்புப் போடாத மக்கள். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் குதிரை முதுகில் வரும். விளைந்த காபியும் மிளகும் குதிரை முதுகில் போகும். வார்டு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனபோதும் அந்த ஊருக்கு வண்டி போகும் சாலை இருக்கவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித்தான் தூக்கிச் சென்றார்கள். மலையை அளக்கத் தொடங்கிய இடத்துக்கே, அளந்ததன் பலன் கடைசிவரை போய்ச் சேரவில்லை.

மலைமேல் ஓடுபாதை வேண்டுமா?

‘கொடைக்கானலிலேயே ஒரு விமான நிலையம் கட்டினால் என்ன?’ என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் வேண்டாம் என்பதே என் உறுதியான பதில்.

முதல் காரணம் காற்று. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்குச் சக்தி குறையும். எழும்புவதற்குக் கூடுதல் நீள ஓடுபாதை வேண்டும். இல்லையென்றால் பயணிகளைக் குறைத்து ஏற்ற வேண்டும். இரண்டு கி.மீ. சமதளத்துக்குக் கொடைக்கானலில் எங்கே போவது? மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும்.

இரண்டாவது மேகம். சிக்கிமில் 1,400 மீட்டர் உயரத்தில் மலையை வெட்டிக் கட்டிய பாக்யோங் விமான நிலையம் 2018 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மோசமான வானிலையால் அங்கே விமானச் சேவை நின்று நின்றே நடந்தது. நம் பக்கத்து மலையில் நடந்ததை மறக்க முடியுமா? 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு 11.48 மணிக்குக் கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர் 12.15க்கு இறங்க வேண்டும். இருபத்தேழு நிமிடப் பறப்பு. குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. மலை வானிலை அட்டவணைக்குக் கட்டுப்படாது.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது, மலையின் உடம்பு. 2013இல் 600 சதுர கி.மீ.க்கும் அதிகமான காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் வாங்கி வைத்துக்கொண்டு, பெரியகுளம் வராக நதிக்கும் மஞ்சளாற்றுக்கும் பழனிப் பக்கத்து ஓடைகளுக்கும் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகின்றன. இன்றுள்ள கூட்டத்தையே மலை தாங்கவில்லை. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்குக் கொடைக்கானலுக்குள் வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என நீதிமன்றம் வரம்பே வைத்தது. வருகிற வண்டிகளை எண்ணி நிறுத்த வேண்டிய நிலையில் இருக்கும் மலையில் வானத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவது நியாயமாகுமா?

ஒன்றிய அரசின் பர்வத்மாலா திட்டத்தின் கீழ் பழனி–கொடைக்கானல் ரோப் கார் பற்றிய பேச்சும் நடக்கிறது. அதையும் எத்தனை பேரை எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்று மட்டும் பார்க்காமல், மலைக்கு எத்தனை பேர் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து திட்டமிட வேண்டும்.

குறைக்க வேண்டிய தூரம்

சுற்றுலா வருகிறவருக்கு நான்கு மணி நேரம் ஒரு அலுப்பு, அவ்வளவுதான். மன்னவனூரிலோ பூம்பாறையிலோ மாரடைப்பு வந்தவருக்கு அதே நான்கு மணி நேரம் உயிர். கொடைக்கானலுக்கு வந்துசேரவே அவர் மலைச்சாலையில் வளைந்து வர வேண்டும். மேல்சிகிச்சை என்றால் தேனிக்கோ மதுரைக்கோ மறுபடி இறங்க வேண்டும். சீசன் நெரிசலில் ஆம்புலன்ஸ் சைரன் ஒலித்தபடி வளைவில் நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மலைமக்களுக்குத் தேவையான வேகம் இதுதான்: கொடைக்கானலிலேயே இதய, பிரசவ, விபத்துச் சிகிச்சைக்கு இருபத்துநான்கு மணி நேரமும் நிபுணர்கள், சீசன் நாட்களில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் தனி ஏற்பாடு, மண்சரிவு கண்ட இடங்களில் மழைக்கு முன்பே தடுப்புச் சுவர், வெள்ளகெவி, சின்னூர், பெரியூர் போன்ற ஊர்களுக்குக் காட்டைக் குலைக்காத, நான்கு பருவமும் நடக்கத்தக்க பாதையும் பாலமும் அவசர ஊர்தி வசதியும்.

பயணிகளுக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நகரின் தெற்கே இருக்கும் விமான நிலையத்தில் இறங்கியவர், ஊருக்குள் புகுந்து ஆரப்பாளையம் போய்க் கொடைக்கானல் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விமானங்கள் இறங்கும் நேரத்தை ஒட்டி விமான நிலைய வாசலிலிருந்தே கொடைரோடு, வத்தலக்குண்டு வழியாக அரசுப் பேருந்து விட்டால், பத்து டாக்ஸி ஏறும் மலையில் ஒரு பேருந்து ஏறும்.

மலைக்குக் கிளம்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். டிக்கெட்டில் உள்ள ஒன்றேகால் மணியை நம்பித் திட்டம் போடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரைவரை எட்டு, ஒன்பது மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பும் நாளில் விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்னதாக மலையை விட்டு இறங்குங்கள். இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். இருட்டிய பின் மலையேறாதீர்கள். வளைவில் சைரன் கேட்டால் வண்டியை ஓரம் கட்டுங்கள். உள்ளே இருப்பவர் உங்களைப்போல் ஊர் பார்க்க வந்தவர் இல்லை. அந்த மலையிலேயே பிறந்தவராக இருக்கலாம்.